மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல்: தெரு மின்வலைக்கு லோட் ஃப்ளோ போடுவது எப்படி

கல்லூரியில் லோட் ஃப்ளோ (மின்வலையில் எந்த இடத்தில் எவ்வளவு மின்னழுத்தம், எவ்வளவு மின்னோட்டம் என்று காணும் கணக்கு) படித்துவிட்டுத் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் மின்விநியோக வேலையில் சேரும் தமிழ்ப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். திருச்சியிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்தவராக இருக்கலாம். இங்கேயே சாட்ஸ்வொர்த்தில் பிறந்து, கோயில் வகுப்பில் தமிழ் எழுத்துக் கூட்டிப் படித்தவராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும் முதல் மாதத்தில் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொள்வீர்கள். பாடத்தில் ஒற்றைக் கோட்டு வரைபடம் போதும், மூன்று ஃபேஸும் சமம் என்று வைத்துக்கொண்டு ஒன்றைக் கணக்கிட்டால் மற்ற இரண்டும் தானாக வந்துவிடும். தெருவில் அப்படி இல்லை. ஒரு வீடு சிவப்பு ஃபேஸில், பக்கத்து வீடு வெள்ளையில், அடுத்தது மறுபடி சிவப்பில். (தமிழ்நாட்டில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று சொல்லிப் பழகியவர்களுக்கு: இங்கே நடுவில் இருப்பது பெரும்பாலும் வெள்ளை.) அந்தச் சமமின்மை முழுவதும் வந்து விழும் கம்பி நியூட்ரல், மூன்று ஃபேஸுக்கும் பொதுவான திரும்பும் கம்பி. பாட வரைபடத்தில் அந்தக் கம்பியே கிடையாது.

பழைய முறைகள் ஏன் இங்கே தடுமாறுகின்றன

தோராய விடையைச் சுற்றுச் சுற்றாகத் திருத்திப் போகும் நியூட்டன்–ராஃப்சன் முறையை 1967இல் டின்னியும் ஹார்ட்டும் பெரிய வலைகளுக்கு ஏற்றதாக்கினார்கள். 1974இல் ஸ்டாட்டும் அல்சாக்கும் அதைச் சுருக்கி, வேகமான பிரித்த முறையைத் தந்தார்கள். இரண்டும் உயரழுத்தக் கடத்தல் கம்பிகளை மனத்தில் வைத்து வளர்ந்தவை. அங்கே மின்மறுப்பு (ரியாக்டன்ஸ்), மின்தடையைவிடப் பல மடங்கு பெரியது. பிரித்த முறை அதை நம்பித்தான் நிற்கிறது. தெருவில் ஓடும் கற்றைக் கம்பியை (காப்பிட்டு ஒன்றாக முறுக்கிய கம்பிகள்) எடுத்துப் பாருங்கள். 70 சதுர மில்லிமீட்டர் அலுமினியத்துக்கு கிலோமீட்டருக்கு மின்தடை 0.44 ஓம், மின்மறுப்பு 0.1 ஓம் கூட வராது. விகிதம் தலைகீழாகிவிட்டதால் பிரித்த முறை சுற்றிச் சுற்றி வரும், பல வேளை விடை கிடைக்காது.

முழு நியூட்டன் முறையை மூன்று ஃபேஸுக்கும் விரித்து எழுதினால் வேலை செய்யும். 2000ஆம் ஆண்டில் வந்த மும்முனை மின்னோட்டச் செலுத்தல் முறை அந்த வழியில் நல்லது. ஆனால் புதியவர் முதலில் கையில் எடுக்க வேண்டியது பின்னோக்கி–முன்னோக்கி நடை. நம் ஃபீடர்கள் (டிரான்ஸ்பார்மரிலிருந்து வீடுகளுக்குப் போகும் மின்பாதைகள்) பெரும்பாலும் மரம் போலக் கிளை பிரிந்து போகின்றன, வளையம் கிடையாது. அந்த வடிவத்துக்கென்றே உள்ள முறை இது. பேப்பரிலும் போடலாம், நாற்பது வரி நிரலிலும் எழுதலாம்.

முதலில் தெருவில் நடங்கள்

இதில் பாதி வேலை கணினிக்கு வெளியே இருக்கிறது. டிரான்ஸ்பார்மரின் பெயர்ப்பலகையை வாசியுங்கள்: திறன், மின்மறிப்பு (இம்பீடன்ஸ்) விழுக்காடு, டாப் (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் படி) எந்த நிலையில் நிற்கிறது. டாப் நிலையைக் குறிக்காமல் வந்தால் மறுபடி போக வேண்டியிருக்கும். ஒரு டாப் 2.5 விழுக்காடு என்றால் 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 6 வோல்ட். உங்கள் கணக்கின் முடிவையே மாற்றிவிடும். பிறகு கம்பியின் அளவு, கம்பத்துக்குக் கம்பம் தூரம், நியூட்ரலின் குறுக்களவு. நியூட்ரல் ஃபேஸ் கம்பியைவிடச் சிறியதாக இருப்பது இங்கே சாதாரணம்.

கடைசியாக, எந்த வீடு எந்த ஃபேஸில்? இதற்குத்தான் பதில் எளிதில் கிடைக்காது. அலுவலகப் பதிவில் ஒன்று இருக்கும். பத்து ஆண்டுகளில் புயலுக்கும் பழுதுக்கும் பிறகு கம்பத்தில் வேறொன்று இருக்கும். ப்ரீபெய்ட் மீட்டர் யூனிட்டைச் சொல்லும், ஃபேஸைச் சொல்லாது. கம்பத்தடியில் நின்று இணைப்பைக் கண்ணால் பின்தொடர்வதுதான் உறுதியான வழி. மின்னழுத்தத்தைப் பதியும் மீட்டர்கள் இருந்தால், எந்தெந்த வீடுகளின் மின்னழுத்தம் ஒரே நேரத்தில் ஏறி இறங்குகிறது என்று ஒப்பிட்டுக் குழு பிரிக்கலாம். ஒரே ஃபேஸில் இருப்பவை சேர்ந்தே ஆடும்.

நகரத்தை விட்டு வெளியே போனால் வடிவமே மாறும். குவாசூலு-நட்டால் கிராமப்புறங்களில் இரண்டு வெளிக்கம்பியும் நடுவில் நியூட்ரலுமாக, 230–0–230 வோல்ட் தரும் சிறிய டிரான்ஸ்பார்மர்களைப் பார்ப்பீர்கள். தென்னாப்பிரிக்காவில் ஒற்றைக் கம்பியில் போய் மண் வழியாகத் திரும்பும் 19 கிலோவோல்ட் இணைப்புகளும் உண்டு. மூன்று ஃபேஸ் சமம் என்று எடுத்துக்கொள்ளும் மென்பொருள் இவற்றை வாங்கவே வாங்காது.

கம்பியை அணியாக எழுதுதல்

ஒரு கம்பித் துண்டுக்கு ஒரு மின்மறிப்பு எண் என்பதை மறந்துவிடுங்கள். மூன்று ஃபேஸும் நியூட்ரலும் சேர்த்து 4க்கு 4 அணி. மூலைவிட்டத்தில் ஒவ்வொரு கம்பியின் சொந்த மின்மறிப்பு. மற்ற இடங்களில் ஒரு கம்பி இன்னொன்றில் தூண்டும் பரஸ்பர மின்மறிப்பு. மண் வழித் திரும்பலையும் சேர்த்து இந்த எண்களைத் தருவது கார்சன் என்ற பொறியாளர் 1926இல் எழுதிய சமன்பாடுகள்.

இந்த 4க்கு 4 அணியை 3க்கு 3 ஆகச் சுருக்கும் வழியை எல்லாப் பாடநூல்களிலும் காண்பீர்கள். கிரோன் சுருக்கம் என்று பெயர். நியூட்ரலின் மின்னழுத்தம் எல்லா இடத்திலும் பூச்சியம் என்று எடுத்துக்கொண்டுதான் அது சுருக்குகிறது. கம்பத்துக்குக் கம்பம் நன்றாக எர்த் செய்த 12.47 கிலோவோல்ட் அமெரிக்க பாணிக் கம்பிகளுக்கு அது பொருந்தும். நியூட்ரல் டிரான்ஸ்பார்மரில் மட்டும் பூமியைத் தொடும் ஒரு தெருவில் அப்படிச் சுருக்கினால், நாம் தேடிப் போன பொருளையே அழித்துவிடுகிறோம். தாழ்வழுத்தத்தில் நான்கு கம்பியாகவே வைத்துக்கொள்ளுங்கள். கணினிக்கு அது ஒரு சுமையே அல்ல.

டிரான்ஸ்பார்மரில் கவனிக்க ஒன்று உண்டு. மேல்பக்கம் டெல்டா (நியூட்ரல் இல்லாத முக்கோண இணைப்பு), கீழ்ப்பக்கம் ஸ்டார் (நியூட்ரல் உள்ள இணைப்பு) என்றால் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டம் மேலே 11 கிலோவோல்ட் கம்பிக்குப் போகாது, டெல்டாவுக்குள்ளேயே சுற்றும். ஆனால் கீழே ஒரு ஃபேஸில் உள்ள சுமை மேலே இரண்டு ஃபேஸில் தெரியும். அதனால் 11 கிலோவோல்ட் பக்கம் அளந்து சமமின்மை குறைவு என்று கண்டாலும், கீழே சரி என்று பொருள் கிடையாது.

சுமைக்கு எந்தக் குணம்?

இங்கே வீடுகளில் பெரிய சுமை கீசர். 3 கிலோவாட் கீசர் ஒன்று ஒரே ஃபேஸில் 13 ஆம்பியர் இழுக்கும். அது வெறும் மின்தடை, மின்னழுத்தம் குறைந்தால் இழுப்பதும் குறையும். டிவி, கணினி, இன்வெர்ட்டர் ஏசி போன்றவை நேர்மாறு: மின்னழுத்தம் குறையக் குறைய அதே திறனுக்காக அதிக மின்னோட்டம் கேட்கும். முதல் கணக்குக்கு எல்லாவற்றையும் நிலையான திறனாக எடுங்கள், மோசமான பக்கத்தைக் காட்டும். பிறகு பிரித்துப் பாருங்கள்.

எவ்வளவு சுமை என்பதில் இந்த நாட்டுக்கென்றே ஒரு மரபு இருக்கிறது. ஒவ்வொரு வீட்டின் உச்சத்தையும் கூட்டினால் எண் பெரிதாகும்; எல்லோரும் ஒரே நிமிடத்தில் கீசர் போடுவதில்லை. என்ஆர்எஸ் 034 என்ற தென்னாப்பிரிக்க மின்விநியோக வழிகாட்டுதலில் உள்ள ஹெர்மன்–பீட்டா முறை, வீட்டு மின்னோட்டத்தை ஒரு நிகழ்தகவுப் பரவலாக எடுத்து, இத்தனை விழுக்காடு ஆபத்தில் மின்னழுத்த வீழ்ச்சி இவ்வளவு என்று சொல்லும். புதிய குடியிருப்புக்குக் கம்பி அளவு முடிவு செய்ய அது. இருக்கும் தெருவில் ஒரு குறிப்பிட்ட மாலையில் என்ன நடந்தது என்று அறிய லோட் ஃப்ளோ. இரண்டும் வேறு வேறு கேள்விகள். ஒன்றுக்கு மற்றதைப் பயன்படுத்திச் சண்டை போடும் கூட்டங்களைப் பார்த்திருக்கிறேன்.

கையால் ஒரு முறை

மென்பொருளைத் திறக்கும் முன் இதைப் பேப்பரில் போடுங்கள். 300 மீட்டர் கற்றைக் கம்பி, கடைசியில் எல்லாச் சுமையும். சூடான நிலையில் ஃபேஸ் கம்பிக்கு 0.15 ஓம், சிறிய நியூட்ரலுக்கு 0.2 ஓம். மின்மறுப்பை இப்போதைக்கு விட்டுவிடுவோம். டிரான்ஸ்பார்மரில் ஒவ்வொரு ஃபேஸும் 240 வோல்ட், கோணம் 0, −120, +120 பாகை. சிவப்பில் 12 கிலோவாட் (நான்கு கீசர் என்று நினைத்துக்கொள்ளுங்கள்), வெள்ளையில் 6, நீலத்தில் 2.

முதலில் கடைசிக் கம்பத்திலும் 240 வோல்ட் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம்: 50, 25, 8.33 ஆம்பியர், அந்தந்தக் கோணத்தில். பல கம்பங்கள் இருந்தால் கடைசியிலிருந்து டிரான்ஸ்பார்மரை நோக்கி ஒவ்வொரு கம்பத்திலும் இந்த மின்னோட்டங்களைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். இதுதான் பின்னோக்கிய நடை.

இப்போது மூன்றையும் கலப்பெண்ணாகக் கூட்டுங்கள். மெய்ப்பகுதி 33.3, கற்பனைப் பகுதி −14.4, அளவு 36.3 ஆம்பியர். நியூட்ரலில் திரும்புவது அவ்வளவு. வெள்ளை ஃபேஸில் போவதைவிட அதிகம் என்பதைக் கவனியுங்கள்.

அடுத்தது முன்னோக்கிய நடை. டிரான்ஸ்பார்மரில் தொடங்கி, ஒவ்வொரு ஃபேஸிலிருந்தும் அதன் கம்பி வீழ்ச்சியைக் கழியுங்கள். பிறகு நியூட்ரலின் நகர்வையும் கழியுங்கள்: 0.2ஐ அந்த 36.3 ஆம்பியரால் பெருக்கினால் 7.3 வோல்ட், அதன் கோணத்தோடு. வீட்டில் உள்ள பொருள் பார்ப்பது ஃபேஸுக்கும் அங்குள்ள நியூட்ரலுக்கும் இடையிலான வித்தியாசத்தைத்தான். வந்த மின்னழுத்தத்தை வைத்து மறுபடி மின்னோட்டம் கணக்கிடுங்கள். மாற்றம் சிறிதாகும் வரை சுற்றுங்கள்.

| சுற்று | சிவப்பு (வோல்ட்) | வெள்ளை | நீலம் | நியூட்ரல் (ஆம்பியர்) |
|---|---|---|---|---|
| 1 | 225.85 | 237.19 | 244.62 | 36.3 |
| 2 | 224.93 | 237.49 | 244.78 | 38.2 |
| 3 | 224.85 | 237.51 | 244.80 | 38.4 |

மூன்றாவது சுற்றிலேயே மாற்றம் 0.1 வோல்ட்டுக்குள் வந்துவிட்டது. இனி நீலத்தைப் பாருங்கள்: டிரான்ஸ்பார்மரில் 240, தெருக்கோடியில் 244.8. சூரியத் தகடு ஒன்றுகூட இல்லாமல், சுமை இழுக்கும் ஃபேஸில், மின்னழுத்தம் ஏறியிருக்கிறது. மீட்டர் பழுது என்று நினைத்து மாற்றக் கிளம்புவார்கள். மீட்டரில் ஒன்றுமில்லை, நியூட்ரல் புள்ளி சிவப்பின் பக்கம் நகர்ந்துவிட்டது, நீலத்திலிருந்து தூரம் கூடிவிட்டது.

இதே 20 கிலோவாட்டை மூன்றாகச் சமமாகப் பங்கிட்டுப் பாடநூல் கணக்குப் போட்டால் எல்லா ஃபேஸிலும் 235.8 வோல்ட் வரும். கம்பியில் வீணாகும் திறன் 360 வாட். உண்மையான பங்கீட்டில் 828 வாட், இரண்டு மடங்குக்கு மேல். சுமை ஒரு வாட்கூடக் கூடவில்லை. சிவப்பிலிருந்து ஒரே ஒரு கீசர் அளவுக்கு, 3 கிலோவாட், நீலத்துக்கு மாற்றினால் முதல் சுற்று நியூட்ரல் மின்னோட்டம் 36லிருந்து 15 ஆம்பியராக இறங்கும். ஏணியும் ஒரு மணி நேர மின்நிறுத்தமும் போதும். புதிய கம்பி தேவையில்லை.

எந்த எண்ணைப் பார்ப்பது

தாழ்வழுத்தத்துக்கு என்ஆர்எஸ் 048 என்ற தென்னாப்பிரிக்க மின்தர விதி சொல்லும் எல்லை 230 வோல்ட்டுக்கு மேலும் கீழும் 10 விழுக்காடு, அதாவது 207 முதல் 253 வரை. சமமின்மைக்கு 2 விழுக்காடு. ஒருமுனைச் சுமைகளே பெரும்பாலும் உள்ள வலையில் 3 வரை. இந்தச் சமமின்மை எண், ஃபோர்டெஸ்க்யூ 1918இல் தந்த சமச்சீர்க் கூறுகளில் (சமமில்லாத மூன்று ஃபேஸை நேர்வரிசை, எதிர்வரிசை, பூச்சிய வரிசை என்ற மூன்று சமமான தொகுப்புகளாகப் பிரிப்பது) எதிர்வரிசையை நேர்வரிசையால் வகுத்து வருவது. நம் கணக்கில் அது 0.9 விழுக்காடுதான். அறிக்கையில் அதை மட்டும் எழுதினால் தெரு நலமாக இருப்பதாகத் தோன்றும். இரண்டு பக்கத்து வீடுகளுக்கு இடையில் 20 வோல்ட் வித்தியாசம் இருக்கிறது!

காரணம் எளிது. நியூட்ரலின் நகர்வு பூச்சிய வரிசையில் மட்டும் விழும். எதிர்வரிசை அதைப் பார்ப்பதே இல்லை. நம் எடுத்துக்காட்டில் பூச்சிய வரிசை 9.6 வோல்ட், 4 விழுக்காடு. மூன்று ஃபேஸ் மோட்டாருக்கு எதிர்வரிசை எதிரி. ஒற்றை ஃபேஸ் வீட்டுக்கு எதிரி பூச்சிய வரிசை. ஆகவே ஒவ்வொரு வீட்டிலும், ஒவ்வொரு ஃபேஸிலும், ஃபேஸ்–நியூட்ரல் மின்னழுத்தத்தைத் தனித்தனியாக எழுதுங்கள். ஒரு கோயில் கூடம் அந்தத் தெருவில் மூன்று ஃபேஸ் எடுத்துக் காவடித் திருவிழாவுக்கு மோட்டாரும் குளிர்பெட்டியும் ஓட்டினால் இரண்டு எண்ணும் தேவை.

கூரைச் சூரியத் தகட்டை எதிர்க்குறியிட்ட சுமையாக வையுங்கள். நண்பகலில் சிவப்பு 2, வெள்ளை 1 கிலோவாட் எடுக்க, நீலம் 4 கிலோவாட் திருப்பி அனுப்பினால் முதல் சுற்றிலேயே நீலம் 247 வோல்ட். டாப் ஒரு படி மேலே நின்றால் 253ஐத் தொட்டுக்கொண்டு நிற்கும். இன்வெர்ட்டர் அடிக்கடி நின்றுபோகிறது என்ற புகார்களில் ஒரு பகுதி இப்படி வருவதுதான். குளிர்கால மாலையும் வெயில் நண்பகலும் இரண்டும் ஓட்டாத ஆய்வு அரைகுறை.

மென்பொருளுக்குப் போகும்போது

அலுவலகங்களில் பவர்ஃபேக்டரியும் ரெட்டிக்மாஸ்டரும் இருக்கும். சொந்தமாகக் கற்க ஓப்பன்டிஎஸ்எஸ் எடுங்கள். எப்ரி என்ற அமெரிக்க மின்சக்தி ஆய்வு நிறுவனம் 2008இல் இலவசமாகத் திறந்துவிட்டது, சமமின்மைக்கென்றே பிறந்தது. ஆனால் அமெரிக்காவில் பிறந்தது, அதனால் சில கண்ணிகள். அதிர்வெண்ணை நீங்கள் சொல்லாவிட்டால் 60 ஹெர்ட்ஸ் என்று எடுத்துக்கொள்ளும். சர்க்யூட்டை எழுதும் முன்பே 50 என்று அமைத்துவிடுங்கள். சுமையின் நியூட்ரலைச் சொல்லாவிட்டால் நேரே பூமியில் கட்டிவிடும், மேலே கையால் கண்ட நகர்வு முழுவதும் மறைந்துபோகும். கணுவின் பெயருக்குப் பின் ‘.1.4’ என்று நான்காவது கம்பியைக் காட்டுங்கள். டிரான்ஸ்பார்மரின் நான்காவது முனையை ஒரு சிறிய மின்மறிப்பு வழியாகப் பூமியோடு இணையுங்கள்.

இன்னொன்று யாரும் சொல்லித் தருவதில்லை. மின்னழுத்தம் பெயரளவின் 0.95 மடங்குக்குக் கீழே போனால் அந்த மென்பொருள் நிலையான திறனை ஓசையில்லாமல் நிலையான மின்மறிப்பாக மாற்றிவிடும், கணக்கு சிதறாமல் இருக்க. 230இல் 0.95 என்றால் 218.5 வோல்ட். நமக்கு 207 வரை எல்லைக்குள் உள்ளதால், அந்தக் குறைந்த வரம்பை 0.85க்கு இறக்கி வையுங்கள். இல்லாவிட்டால் மோசமான தெரு உங்கள் திரையில் மட்டும் நன்றாக இருக்கும்.

பாண்டாபவர் என்ற இலவச மென்பொருளிலும் மும்முனைக் கணக்கு உண்டு. அது வரிசைக் கூறுகளில் கணக்கிடுவதால், ஒவ்வொரு கம்பிக்கும் பூச்சிய வரிசை எண்கள் தர வேண்டும். நியூட்ரல் அந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கும். எதை எடுத்தாலும் முதலில் ஐஇஇஇ என்ற பொறியாளர் சங்கத்தின் 13 கணு சோதனை ஃபீடரை ஓட்டி, வெளியிட்ட விடையோடு ஒப்பிடுங்கள். அது 4.16 கிலோவோல்ட், நம் ஊர் வடிவம் இல்லை. அடுத்ததாக 55 வீடுகள் கொண்ட ஐரோப்பியத் தாழ்வழுத்த ஃபீடரை ஓட்டுங்கள். அது நமக்கு நெருக்கம்.

ஃபீடரில் ஒன்றிரண்டு வளையங்கள் இருந்தால் நடை முறையைக் கைவிட வேண்டாம். 1988இல் ஷிர்முகமதியும் கூட்டாளிகளும் காட்டிய வழி: வளையத்தை ஓரிடத்தில் வெட்டுங்கள், வெட்டிய இரண்டு முனைக்கும் இடையே மின்னழுத்த வித்தியாசம் பூச்சியமாகும் வரை அங்கே ஒரு மின்னோட்டத்தைச் செலுத்திச் சரிசெய்யுங்கள். வளையங்கள் பெருகினால் நியூட்டனுக்கோ மின்னோட்டச் செலுத்தல் முறைக்கோ போய்விடலாம்.

நியூட்ரல் அறுந்தால்

திருட்டு, துரு, தளர்ந்த கிளாம்ப் என்று இந்த ஊரில் அடிக்கடி நடப்பது. ஆகவே ஆய்வின் கடைசி ஓட்டமாக இதையும் சேர்க்கச் சொல்வேன். நியூட்ரல் கம்பியை நீக்கிவிட்டு நிலையான திறனோடு ஓட்டினால் கணக்கு ஒருங்காது. பிழைச் செய்தி வரும், அல்லது அபத்தமான எண் வரும். சுமைகளை மின்தடையாக மாற்றிக்கொண்டு ஓட்டுங்கள். மேலே சொன்ன 12, 6, 2 கிலோவாட் தெருவில், கம்பி மின்தடையையும் மண் வழியையும் விட்டுவிட்டால், சிவப்பு வீடுகளுக்கு 150 வோல்ட், வெள்ளைக்கு 273, நீலத்துக்கு 330. குறைந்த சுமை உள்ள ஃபேஸில்தான் டிவியும் குளிர்பெட்டியும் எரியும். அறிக்கையில் அந்த 330ஐயும், அந்த ஃபேஸில் உள்ள வீட்டு எண்களையும், நியூட்ரல் இணைப்புகளைச் சோதிக்க வேண்டிய கம்பங்களையும் சேர்த்தே எழுதிக் கொடுங்கள். பராமரிப்புக் குழுவுக்கு வேண்டியது அந்தப் பட்டியல்தான்.